எப்போது பார்ப்பது: கைக்குழந்தைப் பரிசோதனையின் காலக்கணக்கு

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில், தூத்துக்குடிக் கடலோடிகள் 'பார்' என்று குறிப்பிடும் பாறைத் திட்டுகளில் முத்துச் சிப்பிகள் செழித்திருந்த காலத்தில், முத்துக்குளிப்பை எந்த ஆண்டு நடத்துவது என்பது யாருடைய விருப்பத்தையும் பொறுத்து முடிவு செய்யப்படவில்லை. அரசு அலுவலர்கள் பார்களைப் பருவந்தோறும் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுத்து அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. இளஞ்சிப்பியில் முத்து பருத்திருக்காது. நான்கைந்து ஆண்டு முதிர்ந்த சிப்பியை எடுக்காமல் மேலும் காத்திருந்தால், அது மடிந்து முத்து மணலில் போய்விடும். 1961-ஆம் ஆண்டோடு அங்கு முத்துக்குளிப்பு நின்றுவிட்ட போதிலும், உரிய காலத்துக்கு முன்பும் பயனில்லை, பின்பும் பயனில்லை என்ற அந்தக் கணக்கு குழந்தை மருத்துவத்தில் இன்றும் நாள்தோறும் பயன்படுகிறது. நோயில்லாத குழந்தையை மூன்றாம் நாள், ஆறாம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று குறிப்பிட்ட நாட்களில் ஏன் செவிலியரிடம் காட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, அரசு அட்டவணை அவ்வாறு சொல்கிறது என்பது முழு விடையாகாது. ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் இரண்டு எல்லைகள் இருக்கின்றன: ஒரு குறை வெளியே தெரியத் தொடங்கும் நாள் ஒன்று, அந்தக் குறையை முழுமையாகச் சரிசெய்யக்கூடிய காலம் முடிந்துபோகும் நாள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் சில குறைகளுக்குச் சில நாட்களாகவும், சிலவற்றுக்கு இரண்டு ஆண்டுகளாகவும் அமைகிறது.

இந்த இடைவெளி மிகக் குறுகியதாக இருப்பது பிறந்த முதல் சில வாரங்களில்தான். தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் நழுவும் குறையை எடுத்துக்கொண்டால், பிறந்த குழந்தையின் தொடைகளை மடக்கி மெதுவாக விரிக்கும்போது நழுவிய பந்து உள்ளே சென்று அமர்வது மருத்துவரின் விரலுக்குத் தெரியும். இத்தாலியக் குழந்தை மருத்துவர் மரினோ ஒர்த்தோலானி 1937-இல் விவரித்த இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் தொடையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிவிடுவதால், மூட்டு நழுவியே இருந்தாலும் அந்த அசைவு கைக்கு அகப்படாமல் போகிறது. முதல் வாரங்களிலேயே கண்டறியத் தவறினால், குழந்தை நடக்கத் தொடங்கி ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கும்போதுதான் வீட்டார் கவனிக்கிறார்கள். முதல் ஆறு மாதங்களுக்குள் தோல்வார் போன்ற ஒரு கட்டினால் சரியாகியிருக்க வேண்டியது அதற்குப் பின் அறுவை சிகிச்சையில் சென்று முடிகிறது. குழந்தையின் இரு கால்களும் விரிந்து மடங்கியிருக்கும்படி இடுப்பில் வைத்துச் சுமக்கும் நம்மவர் வழக்கம் இந்த மூட்டுக்கு நல்லதே. கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவதுதான் கெடுதல்.

மஞ்சள் காமாலையின் கணக்கு வேறு விதமானது. பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளிப்பதும், அது தானாகவே மறைவதும் இயல்பு என்பதால், காலை வெயிலில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பதினான்கு நாட்களுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்து, மலம் மஞ்சள் நிறம் இழந்து சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால், கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் செல்லச் செல்லக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கி, மாற்றுக் கல்லீரலைத் தேடும் நிலை வருகிறது. தைவான் நாடு மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஒரு வண்ண அட்டையைத் தாய்மார் கையில் கொடுத்தே இந்த நோயை உரிய காலத்தில் பிடித்துவிடுகிறது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும் தாயிடம் மலத்தின் நிறம் என்ன என்று செவிலியர் கேட்கும் ஒற்றைக் கேள்வி, ஆயிரக்கணக்கில் செலவாகும் பல ஆய்வுகளைவிட மதிப்புமிக்கது.

கண்ணுக்கும் செவிக்கும் இவ்வாறே கெடு உண்டு. கருவிழிக்குள் ஒளியைப் பாய்ச்சினால் விழித்திரையிலிருந்து சிவந்த ஒளி திரும்ப வேண்டும்; அது வராமல் வெண்மை தெரிந்தால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அடர்ந்த புரையை அகற்றாவிட்டால், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மூளைப் பகுதி கற்காமலே போய், பின்னர் கண் தெளிந்தாலும் பார்வை தெளிவதில்லை. 34 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைக்கும் 30 நாட்களுக்குள் விழித்திரைச் சோதனை தேவைப்படுகிறது. செவித்திறன் குறைந்த குழந்தையை வீட்டில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் முற்றிலும் காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களுக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலி எழுப்புகிறது. நலமான உட்செவி, தான் கேட்ட ஒலிக்கு மறுமொழியாக மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்று 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்ததன் அடிப்படையில் இயங்கும் சிறு கருவி, தூங்கும் குழந்தையின் காதில் சில நிமிடங்கள் வைத்தாலே குறையைச் சுட்டிவிடும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறை. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இன்னும் மிகுந்துள்ள தமிழ்நாட்டில், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இந்தச் சோதனைக்கு இங்கே தனி முக்கியத்துவம் உண்டு.

உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் தைராய்டு பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் அகற்ற வேண்டியிருக்கிறது. கடலருகில் வாழ்வோருக்கும் கடலுப்பை உண்போருக்கும் அயோடின் குறைவு வராது என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில், கடல்நீரை வெயிலில் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயற்கையான அயோடின் மிகச் சொற்பமே தங்குகிறது. அயோடின் பின்னர் ஆலையில் சேர்க்கப்படுவது. அளத்திலிருந்து நேராக அடுப்படிக்கு வரும் கல்லுப்பில் அது இருக்காது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இது ஒரு புறமிருக்க, தைராய்டு சுரப்பியே சரியாக உருவாகாமலோ இயங்காமலோ பிறக்கும் குழந்தைகள், இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியே ஓரளவு வந்து சேர்ந்திருப்பதால், பிறந்தபோது இக்குழந்தைகளிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. அழாமல், தொந்தரவு செய்யாமல் நன்றாகத் தூங்கும் 'சமத்துப் பிள்ளை' என்றுகூடப் பெயர் வாங்கிவிடுகிறார்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் குறையைக் கண்டு, இரண்டு வாரத்துக்குள் நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுக்கத் தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமையும். அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் இழந்த அறிவுத்திறன் திரும்புவதில்லை.

இதுவரை சொன்னவை அரிய குறைகள். எல்லாக் குழந்தைக்கும் பொருந்துவதும், பரிசோதனைகளிலேயே மிக எளியதாகத் தோன்றி மிகுதியாகத் தவறாக வாசிக்கப்படுவதும் எடைதான். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை இழந்து, இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டுக்கொள்கிறது. அதன் பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் கூடி, ஐந்து மாதத்தில் பிறப்பெடையின் இரு மடங்கையும் ஓராண்டில் மும்மடங்கையும் எட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் வேகம் தணிந்து மாதத்துக்கு 200 கிராம் அளவிலேயே கூடுகிறது. அங்கன்வாடியில் கொக்கியில் மாட்டிய துணிக் கால்சட்டைக்குள் குழந்தையை உட்கார வைத்து நிறுக்கும் வட்டமுகத் தராசில், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 100 கிராம். குழந்தை காலை உதைத்துத் துள்ளும்போது முள் இரண்டு மூன்று கோடுகள் முன்னும் பின்னும் ஆடும். சற்று முன் குடித்த பாலே 100 கிராம் இருக்கும். இடுப்பில் கட்டிய ஈரத்துணியும் தன் பங்குக்குச் சேரும். ஆகவே இரண்டு வயதை நெருங்கும் குழந்தையின் ஒரு மாத எடை மாற்றம் உண்மை வளர்ச்சியா, தராசின் ஆட்டமா என்று ஒரே அளவீட்டைக் கொண்டு சொல்ல இயலாது. மூன்று மாத எடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் திசை புலப்படும்.

பத்து மாதம் நிறைந்த இரண்டு ஆண் குழந்தைகள் ஒரே நாளில் சரியாக 8 கிலோ நிற்கிறார்கள் என்று கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் இருவரும் இயல்பான பட்டைக்குள்தான் இருப்பார்கள். இருவரும் ஒன்றே என்று எழுதிவிட்டு அடுத்த குழந்தையை அழைத்துவிடலாம். ஆனால் அட்டையைப் பின்னோக்கிப் பார்த்தால், முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் 6.4 கிலோவாக, குறை எடையின் விளிம்பில் இருந்து, படிப்படியாக ஏறி வந்திருக்கிறது. இரண்டாவது குழந்தையோ ஆறாம் மாதத்தில் 7.9 கிலோவாக, சராசரிக் கோட்டின் மேலேயே இருந்து, நான்கு மாதங்களில் 100 கிராம் மட்டுமே கூடியிருக்கிறது. கவலைக்குரியது இரண்டாவது குழந்தை. தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டிய ஆறாம் மாதத்துக்குப் பின் கோடு படுத்துவிடுவது தற்செயலன்று. கஞ்சித் தெளிவு போன்ற நீர்த்த உணவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, இதயக் குறை எனப் பல காரணங்கள் அதற்குப் பின்னால் இருக்கலாம். பிள்ளையை அடிக்கடி நிறுத்தால் கண் பட்டுவிடும் என்று தயங்கும் பாட்டியிடம், நிறுப்பதை நிறுத்தினால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வரைபடம் வந்த கதையும் அறியத்தக்கது. நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் 1950-களின் பிற்பகுதியில் பணியாற்றிய டேவிட் மோர்லி, குழந்தையின் எடையை மாதாமாதம் குறிக்கும் அட்டையை மருத்துவமனையில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். நீண்ட காலம் பயன்பட்ட அமெரிக்க வளர்ச்சிக் கோடுகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டவை என்பதால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நான்காம் மாதத்தில் பின்தங்குவது போல அவற்றில் காட்சியளித்தது. பால் போதவில்லை என்று எண்ணிப் புட்டிக்கு மாறிய தாய்மார் எத்தனை பேரோ. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வரைபடத்தை வெளியிட்டது. இந்தியாவின் பங்குக்குத் தெற்கு டெல்லிக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். போதிய ஊட்டமும் தூய்மையும் கிடைத்தால் முதல் ஐந்தாண்டில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. 'நம் பிள்ளைகள் இயல்பிலேயே சிறுத்தவர்கள்' என்ற சமாதானம் அதோடு செல்லாமற் போயிற்று.

எடையின் திசையை அடிப்படையாகக் கொண்டு ஓர் அரசுத் திட்டமே நடத்தப்பட்ட இடம் தமிழ்நாடு. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் மதுரை வட்டாரத்தில் தொடங்கிப் பல மாவட்டங்களின் கிராமப்புறங்களுக்கு விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் உணவு வழங்குவதற்குப் பதிலாக, எடை எதிர்பார்த்தபடி கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் சத்துணவு தரப்பட்டு, மீண்டு எழுந்ததும் நிறுத்தப்பட்டது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு இதனால் கணிசமாகத் தணிந்ததாக மதிப்பீடுகள் கூறின. ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் 'ருசா' பிரிவு பணியாற்றும் கே.வி.குப்பம் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, இதற்கு ஒரு முக்கியமான எல்லையைக் காட்டியது. 12 கிராமங்களில், ஆறில் எடைக் கண்காணிப்போடு சேர்த்தும் மற்ற ஆறில் எடைக் கண்காணிப்பு இல்லாமலும் ஒரே வகையான சுகாதாரப் பணிகள் வழங்கப்பட்டன. இரண்டரை ஆண்டுக்குப் பின் இரு பகுதிக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை என்று 1993-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. தராசு நோயைத் தீர்ப்பதில்லை என்பது வெளிப்படை என்றாலும், புள்ளி வைப்பதையே பணியாகக் கருதிப் பதிவேட்டை நிரப்பும் மையங்களுக்கு இந்த முடிவு கசப்பானது. கோடு படுத்துவிட்டது என்று கண்ட அன்றே தாயோடு உட்கார்ந்து, குழந்தை நேற்று என்ன உண்டது, எத்தனை முறை உண்டது என்று கேட்டு, உணவில் எண்ணெயும் பருப்பும் மீனும் சேர வழி சொல்லும் செவிலியர் இருக்குமிடத்தில்தான் எடைக்குப் பொருள் உண்டு. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையானோரில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். மீன் மலிந்த கரையோரமும் இடம்பெறும் மாநிலத்தின் எண்கள் இவை.

உயரத்தை அளப்பதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. இரண்டு வயதுவரை குழந்தையைப் படுக்க வைத்து அளக்கிறார்கள், அதன் பிறகு நிற்க வைத்து. நிற்கும்போது முதுகெலும்பு சற்றே அழுந்துவதால், அதே குழந்தை அதே நாளில் 0.7 செ.மீ. குறைவாகத் தெரியும். வரைபடம் இதைக் கணக்கில் கொண்டே வரையப்பட்டிருக்கிறது. எந்த முறையில் அளந்தது என்று குறிக்காவிட்டால் பிள்ளை வளரவில்லை என்று வீணாக அஞ்ச நேரிடும்.

வளர்ச்சி என்பது எடையும் உயரமும் மட்டுமன்று என்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் செயல்களை மாதக் கணக்கில் பருவங்களாகப் பகுக்கிறது: ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் நடந்து வரும் வாரானை. இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துத் திருவைகுண்டத்தில் பிறந்தவர். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும் இதே மாவட்டத்துக் கடற்கரைத் தலத்தைப் பாடுவது. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையம் 1991-இல் உருவாக்கிய 17 செயல்கள் கொண்ட வளர்ச்சிச் சோதனை அட்டையிலும் கை கொட்டுதல் இடம்பெறுகிறது. பிள்ளைத்தமிழின் இலக்கணம் சொல்லாத ஒன்றை அந்த அட்டை சேர்க்கிறது: ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மாதத்தைக் குறிக்காமல், விரைந்து செய்யும் குழந்தையின் வயது முதல் தாமதித்துச் செய்யும் குழந்தையின் வயதுவரை ஒரு பட்டையாக வரைந்து காட்டுகிறது. குழந்தையின் வயதுக்கு நேராகக் கோடு போட்டு, கோட்டுக்கு இடப்புறம் முழுவதும் முடிந்துபோன பட்டைகளிலுள்ள செயல்களில் ஒன்றையேனும் குழந்தை செய்யாதிருந்தால் மட்டுமே மேற்சோதனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டது என்ற ஒப்பீடு இங்கே பொருந்தாது.

தடுப்பூசி அட்டவணை பெரும்பாலோர் அறிந்ததே என்பதால் விரிக்க வேண்டியதில்லை. பிறந்தவுடன், 6, 10, 14-ஆம் வாரங்களில், ஒன்பதாம் மாதத்தில், ஒன்றரை வயதையொட்டி என்று அது அமைந்துள்ளது. ஒரே ஐயம் மட்டும் அடிக்கடி எழுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே நீரில் மூழ்கியது போன்ற இடரில் ஒரு தவணை தவறினால், முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் முந்தைய தவணையை நினைவில் வைத்திருப்பதால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். தாமதித்த நாட்களில் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவாக இருந்தது என்பதே இழப்பு.

2013 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைத் தேடுகிறது. ஐயம் எழுந்த குழந்தையை மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. அமைப்பு குறைவாக இல்லை. இடைவெளி வேறோரிடத்தில் விழுகிறது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், வேம்பாரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் குழந்தை மணப்பாட்டில் பிறந்து மூன்று முதல் ஐந்து மாதம்வரை அங்கேயே வளர்கிறது. இடுப்பு மூட்டு, மலத்தின் நிறம், செவி, முதல் மூன்று தடுப்பூசித் தவணைகள் எனக் கெடு மிகக் குறுகிய எல்லாமும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. கணவன் வீட்டு ஊரின் கிராம சுகாதாரச் செவிலியருக்கோ குழந்தை இன்னும் ஊருக்கே வரவில்லை. விடியலுக்கு முன்பே உப்பளத்தில் வேலை தொடங்கும் தாய்க்கு, புதன்கிழமை தடுப்பூசி முகாமுக்கு வருவது ஒரு நாள் கூலியை விடுவதாகும் என்பதால், ஊர் திரும்பிய பின் முதல் வருகையும் தள்ளிப்போகிறது. கருவுற்றபோதே அரசுப் பதிவில் பெறும் 'பிக்மி' எண்ணும், கையிலுள்ள தாய் சேய் நல அட்டையும் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கின்றன. எண் கணினியில் இருந்தாலும் மாதாந்திர எடைப் புள்ளிகள் அட்டையில்தான் இருக்கின்றன. ஆதலால் குழந்தையோடு ஊர் திரும்பும் வாரத்திலேயே, அடுத்த ஊசிக்குக் காத்திராமல், அந்த அட்டையைப் புதிய செவிலியரிடம் காட்டிப் பழைய எடைகளை அவரது பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டியிருக்கிறது.